கன்னத்து ஊசியும் பத்தாண்டுக் கணக்கும்

(புத்தளம் மாவட்டக் கரையோரத்தில் பொதுமக்கள் முன் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இது சோளகக் காலம். வைகாசியில் கிளம்பும் இந்தக் காற்று புரட்டாதிவரை கற்பிட்டிக் குடாநாட்டை விடாது. மாம்புரிக் காற்றாலைகள் சுழல்வது இதனால்தான். பட்டத்தைக் கட்டிக்கொண்டு கடல்மேல் சறுக்க வெளிநாட்டார் வந்து குவிவதும் இதற்காகத்தான். இதே காற்றுக்கு அஞ்சி, பட்டப்பகலிலும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு இருக்கிறவர்களும் நம் ஊர்களில் உண்டு. பஸ்ஸில் ஜன்னல் ஓரத்தில் உட்காரமாட்டார்கள். மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறமாட்டார்கள். துவாயை ஒரு கன்னத்தின்மேல் மட்டும் இழுத்துவிட்டிருப்பார்கள். என்ன ஏது என்று கேட்டால் கையைக் காட்டி நிறுத்துவார்கள். வாயைத் திறந்து பதில் சொன்னாலே வலிக்கும்.

முக்கிளை நரம்பு வலி என்று இதற்குப் பெயர். முகத்தின் ஒரு பக்கத்தில், திடீரென்று, கரண்ட் அடித்தது மாதிரி ஒரு வெட்டு. சில விநாடி, மிஞ்சினால் இரண்டு நிமிடம். பிறகு ஒன்றுமே நடக்காததுபோல இருக்கும். அப்புறம் இன்னொன்று. ஒரு நாளைக்கு ஐந்தும் வரலாம், ஐம்பதும் வரலாம். முகம் கழுவ, பல் துலக்க, ஒழு செய்ய, திருநீறு பூச, ஒரு கவளம் சோற்றை மெல்ல, எல்லாவற்றுக்கும் வலி காத்திருக்கும். ஆண்களில் சிலர் பாதி முகம் மட்டும் சவரம் செய்து, மறுபாதியில் தாடியோடு வருவார்கள். அதைப் பார்த்தவுடனேயே பாதி நோய் பிடிபட்டுவிடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பல்வலிக்காரர் கன்னத்தை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு வருவார். அழுத்தினால் அவருக்குக் கொஞ்சம் சுகம். இந்த நோயாளியிடம் எங்கே வலிக்கிறது என்று கேட்டால், விரலை நீட்டுவார். கன்னத்துக்கு ஓர் அங்குலம் இருக்கும்போதே விரல் நின்றுவிடும். தொடமாட்டார். மருத்துவ மாணவர்களுக்கு நான் சொல்வது, அந்த ஓர் அங்குலத்தைப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள், ஸ்கேன் பிறகு பார்க்கலாம் என்பதுதான்.

ஏனென்றால் அதைப் பார்க்காததால் நடக்கும் அநியாயம் பெரியது. வலி பெரும்பாலும் மேல்தாடையிலும் கீழ்த்தாடையிலும் வருகிறது. ஆகவே முதலில் போவது பல் வைத்தியரிடம். ஒரு பல் பிடுங்கப்படும். சில வாரம் வலி இருக்காது. இந்த நோய் தானாகவே சில காலம் ஒதுங்கியிருக்கும் குணமுள்ளது. அந்தப் புகழ் பல்லைப் பிடுங்கியதற்குப் போய்விடும். திரும்ப வந்ததும் அடுத்த பல். நல்ல பற்களை வரிசையாக இழந்துவிட்டு, கடைசியில் பொக்கை வாயோடும் அதே வலியோடும் வந்து நிற்கிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். 1677 டிசம்பரில் பாரிஸில் இங்கிலாந்துத் தூதரின் மனைவிக்கு இந்த வலி வந்தபோது அழைக்கப்பட்டவர், பிற்காலத்தில் தத்துவ ஞானியாகப் பெயர்பெற்ற ஜோன் லொக். அவர் வைத்தியமும் படித்தவர். அவர் எழுதிவைத்த விவரத்தில், அந்த அம்மாளுக்கு அந்தப் பக்கத்துப் பற்கள் ஏற்கெனவே பிடுங்கப்பட்டிருந்தன. மூன்றரை நூற்றாண்டாக இந்தக் கதை மாறவில்லை.

வலிக்கு அடி எங்கே? மூளைத்தண்டிலிருந்து பக்கத்துக்கு ஒன்றாகப் புறப்படும் ஐந்தாவது நரம்பு முகத்தில் மூன்று கிளையாகப் பிரிகிறது. நெற்றிக்கும் கண்ணுக்கும் ஒன்று, கன்னத்துக்கும் மேல்தாடைக்கும் ஒன்று, கீழ்த்தாடைக்கு ஒன்று. வயருக்குப் பிளாஸ்டிக் உறை இருப்பதுபோல நரம்பு இழைகளுக்குக் கொழுப்பாலான உறை உண்டு. நரம்பு மூளைத்தண்டோடு சேரும் இடத்தில் ஓர் இரத்தக்குழாய், பெரும்பாலும் சிறுமூளைக்குப் போகும் மேல்தமனி, படிந்து கிடந்து ஒவ்வொரு நாடித்துடிப்புக்கும் இடித்துக்கொண்டிருந்தால், வருடக்கணக்கில் அந்த உறை தேய்ந்துபோகிறது. பிறகு, தொடுகையைக் கொண்டுபோகும் இழையிலிருந்து வலி இழைக்குச் செய்தி தாவுகிறது. காற்றுப் பட்டால் கத்தி வெட்டுவதுபோல இருப்பது இதனால்தான். வயது கூடக்கூடத் தமனிகள் நீண்டு வளைந்துபோவதால், ஐம்பதைத் தாண்டியவர்களிடம் இது அதிகம். ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகம். எல்லோருக்கும் இந்தக் காரணம்தான் என்று சொல்ல முடியாது. சிலருக்குக் கட்டி இருக்கும், சிலருக்கு நரம்பு உறை சிதையும் வேறு நோய் இருக்கும். நாற்பதுக்குக் கீழே வந்தாலோ, இரண்டு பக்கமும் வந்தாலோ, முகம் மரத்தாலோ, காது கேட்பது குறைந்தாலோ அதைத் தேடிப் பார்த்தே ஆகவேண்டும்.

தமனி நரம்பில் இடிக்கிறது என்பதை 1930களில் அமெரிக்க அறுவை வைத்தியர் வோல்ட்டர் டாண்டி சொன்னார் என்றுதான் நாங்கள் படித்தோம். மருத்துவ வரலாறு எழுதுகிறவர்கள் இன்னொரு பெயரையும் எடுத்துக்காட்டுகிறார்கள். 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரசீக மொழியில் பெரிய மருத்துவக் களஞ்சியம் எழுதிய இஸ்மாயில் ஜுர்ஜானி, முகத்தின் ஒரு பக்கத்து வலியையும் இழுப்பையும் விவரித்துவிட்டு, நரம்புக்கு அருகே தமனி இருப்பதைக் காரணமாகக் குறித்திருக்கிறார். ஸ்கேனும் இல்லை, நுண்ணோக்கியும் இல்லை. யூனானி வைத்தியத்தைப் பாட்டி வைத்தியம் என்று கேலி செய்யும் என் இளம் சகாக்களுக்காக இதை இங்கே சொல்லிவைக்கிறேன்.

மருந்துக்கு வருவோம். கார்பமசெபீன் என்ற வலிப்பு மருந்து. 1962இல் சுவீடனின் புளோம் இதை இந்த வலிக்குக் கொடுத்துப் பார்த்தார். இன்றுவரை முதல் மருந்து அதுதான். முதலில் கொடுக்கும்போது பெரும்பாலானவர்களுக்கு வலி விட்டுவிடும். சாதாரண வலி மாத்திரைக்கு அசையாத வலி இதற்கு அசைந்தால், நோய் இதுதான் என்பதற்கே அது ஒரு சாட்சி. ஆனால் வருடம் போகப்போக அளவு கூடும். தலைச்சுற்று, தள்ளாட்டம், தூக்கம், இரத்தத்தில் உப்புக் குறைவு என்று வரும். வள்ளத்தில் நின்று வலை இழுக்கிற மனிதருக்குத் தலைச்சுற்று என்றால் அது சின்ன விஷயம் இல்லை. மருந்து தொடங்கிய முதல் வாரங்களில் தோலில் தடிப்பு, வாய்ப்புண், காய்ச்சல் வந்தால் மருந்தை நிறுத்திவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும்; உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை அது, சில ஆசிய இனத்தாருக்கு மரபணு காரணமாக அதிகம் வருவது. நோன்பு காலத்தில் பகல் மாத்திரையைத் தாங்களாகவே விட்டுவிடுகிற உம்மாமார்களுக்கும் ஒரு சொல்: சஹருக்கும் நோன்பு திறக்கும்போதும் எடுக்கிற மாதிரி மாற்றித் தரலாம், மெதுவாகக் கரையும் மாத்திரையும் உண்டு. நோன்புக்கு முன்னமே டொக்டரிடம் கேளுங்கள்.

மருந்து பிடிக்காமல் போனால், அல்லது மருந்தைத் தாங்க முடியாமல் போனால், அப்போதுதான் இன்றைய தலைப்பு வருகிறது. மண்டை ஓட்டைத் திறக்காமல் செய்யும் சிகிச்சைகள். நோயாளிகள் என்னிடம் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்று: "இதோடு குணமாயிடுமா, டொக்டர்?" அந்தக் கேள்விக்கு ஆம் என்றோ இல்லை என்றோ பதில் சொல்கிறவரை நம்பாதீர்கள். எத்தனை வருடத்துக்கு, எதை இழந்து என்பதுதான் கேட்கவேண்டிய கேள்வி.

முதலில் ஊசி எப்படிப் போகிறது என்று சொல்கிறேன். பயப்படுகிறவர்கள் கொஞ்சம் காதைப் பொத்திக்கொள்ளலாம். நோயாளி மல்லாந்து படுத்திருப்பார். வாயோரத்திலிருந்து இரண்டரை, மூன்று சென்ரிமீற்றர் வெளியே, கன்னத்தில் ஊசி நுழையும். வைத்தியர் மறுகை விரலை வாய்க்குள் வைத்துக்கொள்வார். ஊசி வாய்க்குள் குத்திக்கொண்டு வந்து கிருமியை உள்ளே கொண்டுபோய்விடக் கூடாது. கண்ணின் கருமணி ஒரு குறி, காதுக்கு முன்னே மூன்று சென்ரிமீற்றர் ஒரு குறி. எக்ஸ்ரே திரையைப் பார்த்துக்கொண்டே ஊசியை மேலே செலுத்தினால், மண்டை ஓட்டின் அடியில் முட்டை வடிவத்தில் இயற்கையாகவே உள்ள ஒரு துவாரத்துக்குள் போய்விடும். அதற்கப்பால் நரம்பின் முடிச்சு. 1910களில் ஜெர்மனியின் ஹார்ட்டெல் வகுத்த பாதை இது. நூறு வருடம் கழிந்தும் எல்லோரும் அதே பாதையில்தான் போகிறார்கள்.

போய்ச் சேர்ந்தபின் மூன்று விதமாகச் செய்யலாம். ஒன்று, சூடு. ஊசி முனையில் ரேடியோ அலை மின்சாரத்தால் 70 பாகை அளவில் ஒரு நிமிடம் வரை சூடேற்றுவது. இதில் ஒரு விசித்திரம், நோயாளியை நடுவில் எழுப்பிவிடுவார்கள். சின்ன மின்னூட்டம் கொடுத்து, "எங்கே கூசுது?" என்று கேட்பார்கள். வலி வருகிற அதே இடத்தைச் சொன்னால்தான் சூடு வைப்பார்கள். ஸ்வீட், வெப்சிக் என்ற இருவர் 1974இல் இதைத் திருத்தமாக வகுத்தார்கள். இரண்டாவது, கிளிசரின். இது வந்த கதை சுவாரசியமானது. ஸ்டொக்ஹோமில் லெக்செல் என்பவர் கதிரை ஒரே புள்ளியில் குவித்து மூளைக்குள் சிகிச்சை செய்யும் முறையை உருவாக்கிக்கொண்டிருந்தார். அந்த முயற்சியின்போது, எக்ஸ்ரேயில் நரம்பின் இடம் தெரியவேண்டும் என்பதற்காக ஒரு உலோகத் தூளைக் கிளிசரினில் கலந்து ஊசியால் செலுத்தினார்கள். கதிர் கொடுக்குமுன்னமே சிலருக்கு வலி போய்விட்டது. தூளைச் சுமந்துவந்த கிளிசரின்தான் வேலை செய்திருக்கிறது. ஹோக்கன்சன் 1981இல் அதை வெளியிட்டார். மூன்றாவது, பலூன். 1983இல் சிக்காகோவின் முல்லனும் லிக்டரும் சொன்னது. மெல்லிய குழாயின் நுனியில் உள்ள பலூனை உள்ளே வைத்து ஊதுவார்கள். திரையில் அது பேரிக்காய் வடிவத்தில் தெரிந்தால் சரியான இடம். ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் நரம்பை நசுக்கிவிட்டு எடுத்துவிடுவார்கள். அந்த நேரத்தில் இருதயத் துடிப்பு சட்டென்று குறையும். மயக்க மருந்து கொடுப்பவர் அதற்கு ஆயத்தமாக இருக்கவேண்டும்.

லெக்செல் தொடங்கிவைத்தது காமா கத்தி என்ற பெயரில் தனியாக வளர்ந்தது. பெயரில் கத்தி உண்டு, கையில் கத்தி இல்லை. தலையில் ஒரு சட்டம் பொருத்தி, ஏறக்குறைய 200 கோபால்ட் கதிர்களை நரம்பின் ஒரு புள்ளியில் சேர்ப்பது. அன்றோ மறுநாளோ வீட்டுக்குப் போகலாம். ஆனால் வலி உடனே போகாது. சிலருக்கு நாட்கள், சிலருக்கு வாரங்கள், சிலருக்கு மாதங்கள். நடிகர் சல்மான் கான் இந்த நோய்க்காக 2011இல் அமெரிக்கா போனபோதுதான் நம்மில் பலர் இப்படி ஒரு வியாதி இருப்பதையே கேள்விப்பட்டோம்; அதற்கு அவருக்கு ஒரு நன்றி.

இப்போது கணக்கு. துருக்கி அங்காராவில் கன்போலாத் என்ற வைத்தியரும் குழுவும் 25 வருடத்தில் 1,600 பேருக்குச் சூடு ஊசி போட்டு, 2001இல் முடிவை வெளியிட்டார்கள். ஊசி போட்டவுடன் வலி போனவர்கள் நூற்றுக்கு 97.6 பேர். ஆஹா என்று கைதட்டத் தோன்றும். ஒரே ஊசியோடு 5 வருடம் கழித்தும் வலியில்லாமல் இருந்தவர்கள் நூற்றுக்கு 57.7. 10 வருடத்தில் 52.3. 20 வருடத்தில் 41. அதாவது மருத்துவமனையை விட்டுச் சிரித்துக்கொண்டு போகிறவர்களில் பாதிப்பேர் என்றோ ஒருநாள் திரும்ப வருவார்கள். அப்படி வந்தவர்களுக்குத் திரும்பவும் ஊசி போட்டார்கள். அதையும் சேர்த்துக் கணக்கிட்டால் 5 வருடத்தில் 92, 10 வருடத்தில் 94.2, 20 வருடத்தில் நூற்றுக்கு நூறு.

அந்த நூற்றுக்கு நூறை அப்படியே விழுங்கிவிடக் கூடாது. இந்த 1,600 பேரைச் சராசரியாகப் பின்தொடர்ந்த காலம் 68 மாதம். ஆறு வருடம்கூட இல்லை. 20 வருடம்வரை வந்து காட்டிக்கொண்டிருந்தவர்கள் சிலரே. வலி தீராமல் வெறுத்துப்போய் வேறிடம் போனவர்கள் அந்தக் கணக்கில் இல்லை, மௌத்தானவர்களும் இல்லை. நீண்டகாலப் பலன் என்று எந்தக் கட்டுரையில் பார்த்தாலும் நான் முதலில் தேடுவது, கடைசி வருடத்தில் எத்தனை பேர் மிஞ்சியிருந்தார்கள் என்பதை.

பலூனுக்குச் சிட்னியில் ஸ்கேர்விங், டான் என்ற இருவரின் 20 வருடக் கணக்கு உண்டு. 496 நோயாளிகள். 5 வருடத்துக்குள் வலி திரும்பியது நூற்றுக்கு 19 பேருக்கு. முழு 20 வருடத்தில் 32 பேருக்கு. காமா கத்திக்கு இரண்டு பெரிய கணக்குகளைப் பக்கத்தில் பக்கமாக வைத்துப் பாருங்கள். பிரான்சின் மார்செய் நகரில் ரெஜி குழுவினர் 497 பேரைப் பார்த்தார்கள். மருந்தே இல்லாமல் வலியின்றி இருந்தவர்கள் 5 வருடத்தில் நூற்றுக்கு 65, 10 வருடத்தில் 45. அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க்கில் 503 பேர். அங்கே மருந்தோடு வலி அடங்கியிருந்தவர்களையும் சேர்த்தே 5 வருடத்தில் 46, 10 வருடத்தில் 30. ஒரே சிகிச்சை, ஏறக்குறைய ஒரே எண்ணிக்கை ஆட்கள், இவ்வளவு வித்தியாசம் எப்படி? பிற்ஸ்பேர்க்குக்கு வந்தவர்களில் நூற்றுக்கு 43 பேர் முன்னமே வேறு அறுவைச் சிகிச்சை செய்து பலனில்லாமல் வந்தவர்கள். எங்கே செய்தார்கள் என்பதைப்போல யாருக்குச் செய்தார்கள் என்பதையும் பார்க்கவேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

மண்டையைத் திறந்து செய்யும் அறுவையின் கணக்கையும் சொல்லாவிட்டால் நான் பக்கம் சாய்ந்தவனாவேன். காதுக்குப் பின்னால் எலும்பில் ஒரு சின்ன வாசல் திறந்து, இடிக்கிற தமனியை நரம்பிலிருந்து விலக்கி, நடுவே ஒரு சிறு பஞ்சுபோன்ற டெஃப்லோன் துண்டை வைப்பது. பீற்றர் ஜனெட்டா 1960களின் நடுவிலிருந்து வளர்த்தெடுத்தது. அவர்கள் 1996இல் வெளியிட்ட 1,185 பேரின் கணக்கில், 10 வருடம் கழித்து மருந்தும் இல்லாமல் வலியும் இல்லாமல் இருந்தவர்கள் நூற்றுக்கு 70. பத்து வருடத்துக்குப் பிறகு புதிதாக வலி திரும்புவது வருடத்துக்கு நூற்றில் ஒருவருக்கும் குறைவு. நரம்பை அழிக்காததால் முகம் மரப்பதும் அரிது. ஆனால் இருவர் இறந்தார்கள். நூற்றுக்கு ஒருவருக்கு அந்தப் பக்கத்துக் காது கேளாமல் போனது. எட்டு வருடத்துக்கு மேல் வலியை வைத்துக்கொண்டிருந்துவிட்டு வந்தவர்களுக்குப் பலன் குறைவாக இருந்தது என்பதையும் அதே கணக்கு சொல்கிறது. இந்தக் கடைசி விவரம் நமக்கு முக்கியம். நம் ஆட்கள் பல்லோடும் பத்தோடும் வருடங்களைப் போக்கிவிட்டுத்தானே வருகிறார்கள்.

ஆகவே என் தீர்ப்பு இது. வயது ஐம்பது, அறுபது, உடம்பு திடம், எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் தமனி நரம்பை அழுத்துவது தெளிவாகத் தெரிகிறது என்றால், சின்ன ஊசி என்பதற்காகவே ஊசியை விரும்பாதீர்கள். பத்து வருடக் கணக்கில் திறந்த அறுவைதான் ஜெயிக்கிறது. 2019இல் ஐரோப்பிய நரம்பியல் கழகம் வெளியிட்ட வழிகாட்டலும் அந்தப் பக்கம்தான். எழுபதைத் தாண்டியவர், இருதய நோய் உள்ளவர், நீண்ட மயக்கம் தாங்காதவர், ஸ்கேனில் தமனி ஒன்றும் தெரியாதவர், நரம்பு உறை சிதையும் நோய் உள்ளவர் என்றால் ஊசியோ பலூனோ கதிரோ. வலி ஐந்து வருடத்தில் திரும்பலாம். திரும்பினால் திரும்பச் செய்யலாம். எழுபத்தைந்து வயதில் வலியில்லாத ஐந்து வருடம் சின்னச் சொத்தா?

விலையைப் பற்றியும் பேசவேண்டும், காசு விலை இல்லை. ஊசியும் பலூனும் நரம்பைக் கொஞ்சம் காயப்படுத்தித்தான் வலியை நிறுத்துகின்றன. கதிரும் தன் அளவில் அப்படித்தான். முகம் ஓரளவு மரக்கும். மெல்லும் தசை சில காலம் சோரும். மார்செய் கணக்கில் கதிர் எடுத்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு 5 வருடத்தில் மரப்பு. அங்காராவில் 0.8 வீதத்தினருக்கு மரத்த இடமே ஓயாமல் வலிக்கும் கொடுமை வந்தது. அதற்கு நல்ல மருந்து கிடையாது. பெரும்பாலோர் மரப்பைப் பொருட்படுத்துவதில்லை. முன்பு இருந்ததோடு ஒப்பிட்டால் இது எதுவுமே இல்லை, டொக்டர் என்பார்கள்.

ஆனால் நம் கரையில் ஒரு மரப்பு மட்டும் பொருட்படுத்தவேண்டியது: கண். நெற்றிக் கிளையில் வலி உள்ளவருக்குச் சூடு ஊசி போடும்போது கருவிழியின் உணர்வும் சேர்ந்து போகலாம். அங்காராக் கணக்கில் 5.7 வீதத்தினருக்குக் கண் சிமிட்டும் அனிச்சை குறைந்தது, 0.6 வீதத்தினருக்குக் கருவிழி அழற்சி வந்தது. அங்காரா கடலில்லாத மேட்டு நிலம். இங்கே சோளகத்தில் மணல் பறக்கிறது, உப்பளத்தில் உப்புத் தூள் பறக்கிறது. கண்ணில் மணல் விழுந்தால் நமக்கு உறுத்தும், கழுவுவோம். உணர்வில்லாத கண்ணுக்கு உறுத்தாது. மணல் கிடந்து கிழித்துப் புண்ணாகி, பார்வை மங்கிய பிறகுதான் தெரியும். ஆகவே நெற்றி, கண் பக்கம் வலி உள்ளவர்கள், உங்கள் தொழில் என்ன, எந்த ஊர் என்று அறுவை வைத்தியரிடம் வாயைத் திறந்து சொல்லுங்கள். அப்படிப்பட்டவர்களுக்குப் பலூன் கொஞ்சம் பாதுகாப்பானது, கருவிழி உணர்வை அது பெரும்பாலும் விட்டுவைக்கிறது. செய்தபின் வெளியே போகும்போது கண்ணாடி போடுங்கள். இரவில் கண்ணாடி முன் நின்று, கண் சிவந்திருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். அதேபோல மரத்த பக்கத்தில் வெற்றிலை அடக்க வேண்டாம். சுண்ணாம்பு வெந்தாலும் தெரியாது, சுடுதேத்தண்ணி கொட்டினாலும் தெரியாது. வெற்றிலை போடுகிறவர்களுக்கு வாயில் ஆறாத புண்ணும் விட்டுவிடாத வலியும் இருந்தால் அது இந்த நோய் இல்லை. வேறு பயங்கரமாக இருக்கலாம், உடனே காட்டுங்கள்.

எங்கே போவது என்று கேட்கிறீர்கள். முதலில் புத்தளம் அல்லது சிலாபம் அரசாங்க வைத்தியசாலை. மருந்தை அங்கேயே தொடங்கலாம். அறுவை தேவை என்றால் கொழும்புத் தேசிய வைத்தியசாலையிலும் கண்டித் தேசிய வைத்தியசாலையிலும் நரம்பு அறுவைப் பிரிவுகள் உண்டு. அரசாங்க ஆஸ்பத்திரியில் இதற்குக் காசில்லை. இந்தியாவுக்குப் போகலாமா என்றால், போகலாம். வேலூர் சி.எம்.சி.யில் ஜேக்கப் சாண்டி 1949இல் இந்தியாவின் முதல் நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கினார். மறுவருடம் சென்னைப் பொது மருத்துவமனையில் ராமமூர்த்தி தொடங்கினார். காமா கத்தி 1997இல் மும்பைக்கும் டில்லிக்கும் வந்தது. கதிரைக் குவிக்கும் இன்னொரு கருவியான சைபர்நைஃப் 2009இல் சென்னை அப்பல்லோவுக்கு வந்தது. ஆனால் நிலத்தை ஈடுவைத்துக் கடல் கடப்பதற்கு முன் ஒன்று யோசியுங்கள். ஐந்து வருடம் கழித்து வலி திரும்பினால் திரும்பவும் போக முடியுமா? போட்ட ஊசியின் விவரம் எழுதிய தாள் உங்கள் கையில் இருக்குமா?

ஏனென்றால் நம் கரையில் பெரிய ஓட்டை அங்கேதான். புத்தளத்திலிருந்து கொழும்பு ஏறக்குறைய 130 கிலோமீற்றர்; கற்பிட்டிக்காரருக்கு அதற்கு மேலும் 40. வலி போனவர் இவ்வளவு தூரம் போய், நான் நன்றாக இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு வரமாட்டார். ஒருநாள் கடலை விடவேண்டும், பஸ் காசு வேண்டும், கூட ஒருவர் வேண்டும். வலி திரும்பியவரும் வெட்கத்தாலோ வெறுப்பாலோ போவதில்லை. திரும்பப் பல் வைத்தியரிடம் போகிறார். அங்காராவும் மார்செயும் சிட்னியும் தங்கள் நோயாளிகளின் பத்தாண்டு, இருபதாண்டுக் கணக்கை எழுதிவைத்திருக்கின்றன. காற்றும் மணலும் வெற்றிலையும் உள்ள நம் ஆட்களுக்கு எது எத்தனை வருடம் நின்றது என்பதை நம் ஆட்கள் சொன்னால்தான் எழுத முடியும்.

ஆகவே மூன்று பேரிடம் கேட்டுக்கொள்கிறேன். பல் வைத்தியச் சகோதரர்களே, பல்லில் குறையேதும் தெரியாமல் மின்வெட்டு வலியோடு ஒருவர் வந்தால், குறட்டைக் கீழே வைத்துவிட்டு நரம்பு வைத்தியருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள். வீட்டில் உள்ளவர்களே, வாப்பா சாப்பிடாமல் இருந்தால் பிடிவாதம் என்று ஏசாதீர்கள். மெல்ல முடிகிறதா என்று கேளுங்கள். சிகிச்சை எடுத்தவர்களே, உங்கள் கிளினிக் கொப்பியைத் தூக்கிப் போடாதீர்கள். என்ன செய்தார்கள், எந்தத் திகதி, எந்தப் பக்கம், வலி என்றைக்குத் திரும்பியது என்று அதில் எழுதிவையுங்கள். வலி இல்லாவிட்டாலும் வருடத்துக்கு ஒரு தடவை, கொழும்புக்குப் போக முடியாவிட்டால் பக்கத்து ஆஸ்பத்திரிக்காவது போய், அந்தக் கொப்பியில் ஒரு வரி பதிவித்துக்கொண்டு வாருங்கள்.